பேர் வெட்டாத பாத்திரங்கள்

அக்டோபர் 7

வீடு கிடைத்துவிட்டது. பன்னிரண்டாவதாகப் பார்த்த வீடு. மூன்று அறை, பின்பக்கம் அடுப்படி, சுற்றிலும் ஆள் உயரச் சுவர். மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டைப் பாறை தெரிகிறது. ஊர் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்று தமயந்தி மேடம் சொல்லியிருக்கிறார். இந்த நோட்டிலும் எழுதமாட்டேன்.

மேடம் சுகாதாரத் துறையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அடி தாங்காமல் பிள்ளைகளோடு ஓடிவரும் பெண்களை இத்தனை நாளும் தன் வீட்டு மாடியில்தான் தங்க வைத்திருந்தார். மூன்று முறை புருஷன்மார் வந்து கதவை உடைத்தார்கள். ஆகவேதான் யாருக்கும் தெரியாத ஒரு வீடு. அதற்கு நான்தான் அலுவலகப் பொறுப்பு. என் முதல் வேலை.

வீட்டுக்காரரிடம் "வேலைக்குப் போற பொண்ணுங்க விடுதி" என்று மேடம் சொன்னார். நான் பின்னால் நின்று சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல வேண்டிய இடத்தில் உண்மையும் வராது. கல்லூரியில் மூன்று வருடமும் வருகைப் பதிவுக்கு "எஸ் மேம்" என்று சொன்னது மட்டும்தான் என் குரல்.

அக்டோபர் 11

பாத்திரக் கடை. சமையலுக்குச் சேர்ந்திருக்கும் ஜெசிந்தா அக்காவும் வந்தார். தட்டு பன்னிரண்டு, டம்ளர் பன்னிரண்டு, குண்டான் இரண்டு, கரண்டிகள்.

கடைக்காரர் பேர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன பேரு வெட்டணும் பாப்பா? அப்பா பேரா, மாப்பிள்ளை பேரா?" என்றார்.

"பேர் வேண்டாம்ணே."

"பேர் வெட்டாத பாத்திரம் பக்கத்து வீட்டுக்குப் போனா திரும்பி வருமா?"

ஜெசிந்தா அக்கா முந்திக்கொண்டார். "எங்க வீட்டுக்கு வர்றவளுக திரும்பிப் போகாம இருந்தாச் சரி. பாத்திரம் போனாப் போகுது, கட்டுங்கண்ணே."

வரும் வழியில் மேடம் போனில் இதைக் கேட்டுவிட்டு, "ஜெசிந்தா வாய்தான் எனக்குப் பயம்" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்காவுக்கு இடது காது கேட்காது. அவர் புருஷன் கன்னத்தில் விட்ட ஒரே அறை செய்த வேலை. நல்லவேளையாக நான் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 15

வீட்டு விதிகளைச் சார்ட்டில் எழுதி ஒட்டினேன். செருப்பை வாசலில் விடக்கூடாது, உள்ளே கொண்டுவர வேண்டும் (வாசலில் எத்தனை ஜோடி கிடக்கிறது என்று எண்ணினால் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்). மாடியில் துணி காயப்போடக் கூடாது. சொந்தபந்தம் யாருக்கும் போன் செய்யக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும், யாரிடமும், ஊர் பெயரைச் சொல்லக் கூடாது. கடைசி விதியைச் சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மேடம் சொன்னார்.

அம்மா போன் செய்தாள். வலது கை வீங்கியிருக்கிறதாம். குடம் தூக்கியதில் சுளுக்கிக்கொண்டதாம். எண்ணெய் தேய்க்கச் சொன்னேன்.

நவம்பர் 3

முதல் குடும்பம் வந்தது. நல்ல வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, ஆட்டோவில் மேடம் கூட்டி வந்தார். காளீஸ்வரி அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கரிசல்காட்டுப் பக்கம். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். மகள் தர்ஷினி பத்தாவது படிக்கிறாள்.

இருவரும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். எடுத்து உள்ளே வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். அம்மா போட்டு வந்ததில் மகளுடையது ஒன்று, மகள் போட்டு வந்ததில் அம்மாவுடையது ஒன்று.

"அவுக குளிச்சிட்டு இருந்தாக. நாலு செம்புத் தண்ணி ஊத்துற நேரந்தான் கெடச்சது" என்றார் காளீஸ்வரி அக்கா. மாற்று உடுப்புகூட இல்லை. தர்ஷினியின் பையைத் திறந்தால் கணக்குப் புத்தகம், அறிவியல் நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ்.

ஜெசிந்தா அக்கா ரசமும் முட்டையும் வைத்தார். "சாப்பிடு தாயி. இங்க ஒரு ஆம்பள கிடையாது. நான்தான் கொஞ்சம் மீச மொளச்ச மாதிரி இருப்பேன், பயந்துறாத." தர்ஷினி சிரித்துவிட்டு உடனே அம்மாவைப் பார்த்தாள், சிரிக்கலாமா என்பது போல.

நவம்பர் 6

படிவம் நிரப்பினேன். "கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்று ஒரு கேள்வி இருக்கிறது.

"குடிக்க மாட்டாகம்மா. பீடி சிகரெட் கூடக் கிடையாது. குடிச்சாலாவது ஒரு காரணம் சொல்லலாம்." பிறகு, "ஊருக்குள்ள ரொம்ப மரியாதையான ஆளு. லோடு ஆட்டோ ஓட்டுறாக. பேசுனா கேட்டுக்கிட்டே இருக்கலாம், அம்புட்டு தன்மையாப் பேசுவாக" என்றார்.

எத்தனை வருடங்களாக என்று கேட்டேன். தர்ஷினியின் வயதோடு ஒன்றைக் கூட்டிச் சொன்னார். படிவத்தில் அதற்கு இரண்டு கட்டம்தான் இருந்தது. சரியாகப் போதுமாயிருந்தது.

நவம்பர் 10

தர்ஷினி காலை ஐந்து மணிக்கே எழுந்து, அடுப்படி விளக்கில் கணக்குப் போடுகிறாள். எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டு அழித்து மறுபடி போடுகிறாள். வேறு புத்தகம் இல்லை.

எனக்கு என் பத்தாவது ஞாபகம் வந்தது. ரிசல்ட் வந்த அன்று அப்பா, "ஒரு வருசம் வீட்ல இருக்கட்டும். ஒரு வருசம் போனா என்ன இப்போ?" என்றார். ராஜம் டீச்சர் கேள்விப்பட்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். குடையைச் சுருக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, நான் பதினொன்றாம் வகுப்பில் சேரும்வரை அங்கிருந்து போக மாட்டேன் என்றார். அப்பா என்றைக்கும் யாருக்கும் பயந்ததில்லை. டீச்சருக்குப் பயந்தார். அன்று ராஜம் டீச்சர் வரவில்லை என்றால் நான் இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"என் பேரு வராமப் போயிருமாக்கா, பரீட்சைக்கு?" என்று தர்ஷினி கேட்டாள்.

வரும் என்றேன். யாரைக் கேட்டு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 18

மேடத்திடம் பேசினேன். இந்த ஊர்ப் பள்ளியில் தர்ஷினியைச் சேர்க்க வேண்டும் என்றால், பழைய பள்ளி கம்ப்யூட்டரில் அவள் பெயரை விடுவிக்க வேண்டும். இந்த ஊர்ப் பள்ளியே நேரடியாகக் கேட்டால் எந்த ஊர், எந்தப் பள்ளி என்று தெரிந்துபோகும். ஆகவே குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் அரசுப் பாதுகாப்பு அலுவலர் வழியாக ரகசியமாகக் கடிதம் போக வேண்டும்.

"எவ்வளவு நாளாகும் மேடம்?"

"ஆகும்போது ஆகும். நாம போன் பண்ணி அவசரப்படுத்தக் கூடாது. ஒரு வருசம் போனாலும் பிள்ளை உசுரோட இருப்பா, புரியுதா ஜோதி?"

மேடம் நல்லவர்தான். ஆனால் அவர் அப்பாவும் வாத்தியார், தாத்தாவும் வாத்தியார். ஒரு வருடம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது.

டிசம்பர் 1

கடிதம் போகவில்லை. அலுவலர் விடுப்பில் இருக்கிறாராம்.

இங்குள்ள அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியை தர்ஷினியைத் தற்காலிகமாக வகுப்பில் உட்காரவைத்திருக்கிறார். பன்னிரண்டாம் தேதி பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் முடிகிறது, அதற்குள் பெயர் வந்தால்தான் என்றார். "நல்ல பிள்ளையா இருக்கா. விட்றாதீங்க."

டிசம்பர் 2

டேபிள் ஃபேன் வாங்கினோம். வெளிக்கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது, ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

டிசம்பர் 4

பழைய பள்ளியின் தலைமை ஆசிரியருக்குப் போன் செய்தேன். என் போனிலிருந்து. எண்ணைத் தர்ஷினியின் நோட்டு அட்டையிலிருந்து எடுத்தேன்.

"ஆமா, எங்க போச்சு அந்தப் பிள்ளை? ஒரு மாசமா ஆப்சென்ட். நானூத்தம்பதுக்கு மேல எடுக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க யாரும்மா?"

"சொந்தக்காரங்க சார். இங்க சேக்கணும். பேரை ரிலீஸ் பண்ணணும்."

"இங்கன்னா எங்க?"

தர்ஷினியின் நோட்டைத் திருப்பி வைத்தேன்.

"ஸ்கூல் பேரு, ஊரு சொன்னாத்தானம்மா ரிலீஸ் பண்ண முடியும். நானும் ரெஜிஸ்டர்ல எழுதணும்ல?"

அப்போதுதான் கவனித்தேன், நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. சார் என்று சொன்ன நிமிடமே எழுந்திருப்பேன்.

பள்ளியின் பெயரையும் ஊரையும் சொன்னேன். அவர் எழுதிக்கொள்வது கேட்டது. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சார்" என்றேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். வாத்தியார். பிள்ளைக்குக் கெடுதல் செய்ய மாட்டார்.

வீட்டு முகவரியைச் சொல்லவில்லை. அதைக் குறித்துவைக்கிறேன்.

ஜெசிந்தா அக்கா பக்கத்தில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கேட்காத பக்கம் நான் நின்றேன் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 5

பெயர் வந்துவிட்டது! பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவென்றும் பாராமல் குதித்தாள். ஜெசிந்தா அக்கா கேசரி கிண்டினார்.

மேடம் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, கடிதம் போய் வேலையும் நடந்திருச்சா! லீவுல இருந்துகிட்டே பண்ணிட்டாரா?" என்றார். பால் பொங்கும் சத்தம் கேட்டது. அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கவில்லை.

டிசம்பர் 25

ஜெசிந்தா அக்கா கோயிலுக்குப் போய்விட்டு கேக்கோடு வந்தார். காளீஸ்வரி அக்காவுக்குத் தன் பழைய நீலப் புடவையைக் கொடுத்தார். மதியம் பின்பக்கம் போனபோது, காளீஸ்வரி அக்கா ஜெசிந்தா அக்காவின் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஊரிலிருக்கும் தன் அம்மாவிடம். "சாப்பிட்டியா ஆத்தா, சாப்பிட்டியா ஆத்தா" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா அக்கா என்னைப் பார்த்து, "ரெண்டே நிமிசம் பட்டதாரி. எங்க இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லல. குரலக் கேட்டா வயிறு நெறையும். மேடத்துட்ட சொல்லிறாத" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் விதி விதிதான். சார்ட்டை ஒருமுறை பார்த்தேன்.

ஜனவரி 7

அரையாண்டுத் தேர்வில் தர்ஷினி வகுப்பில் இரண்டாவது. அறிவியலில் தொண்ணூற்றேழு. காளீஸ்வரி அக்கா மதிப்பெண் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜனவரி 21

எழுத வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

மாலை மூன்று நாற்பது. காளீஸ்வரி அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்குத் தர்ஷினியைக் கூட்டிவரப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். என் போனுக்குப் புது எண்ணிலிருந்து அழைப்பு.

"வணக்கம்மா. தர்ஷினியோட அப்பா பேசுறேன்." மிகவும் தன்மையான குரல். "ஹெச்.எம். சார் உங்க நம்பர் குடுத்தாரு. ரொம்ப நன்றிம்மா, எம்பிள்ளைய ஸ்கூல்ல சேத்துவிட்டு நல்லபடியாப் பாத்துக்கிட்டதுக்கு."

கடிகாரத்தைப் பார்த்தேன், பள்ளி விட இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"பிள்ளை எங்கூடத்தான் இருக்கா. பஸ் ஸ்டாண்டுல புரோட்டா சாப்பிடுறா. அவ ஆத்தாட்ட கொஞ்சம் குடுங்கம்மா."

பிறகு தர்ஷினி லைனில் வந்தாள். "அக்கா" என்றாள். அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது.

பள்ளியில் அப்பா என்று ஆதார் கார்டைக் காட்டியிருக்கிறார். கூட காளீஸ்வரி அக்காவின் அண்ணனும் வந்திருக்கிறார். பெற்ற தகப்பனும் தாய்மாமனும் வந்து நின்றால் பள்ளியில் என்ன சொல்வார்கள்? அனுப்பிவிட்டார்கள்.

போனைக் காளீஸ்வரி அக்காவிடம் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். அவர் "ம்" என்றார். நான்கு முறை. போனைத் திருப்பித் தந்துவிட்டு, மீதி அரிசியையும் பார்த்து முடித்தார். முகம் கழுவினார், தலை வாரினார், பொட்டு வைத்தார்.

மேடம் கலெக்டர் அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். போன் அணைத்திருந்தது. "மேடம் வரட்டும்க்கா. போலீஸ்ல சொல்லலாம்" என்றேன்.

"பெத்த தகப்பன் கூட்டிட்டுப் போனா போலீசு என்னம்மா பண்ணும்? நீ படிச்சவ, சொல்லு."

படித்ததில் அதற்குப் பதில் இருந்தது. மனு, நீதிமன்றம், உத்தரவு. பதினைந்து நாள், ஒரு மாதம். பஸ் ஸ்டாண்டிலோ பஸ் நின்றுகொண்டிருந்தது.

ஜெசிந்தா அக்கா கதவை மறித்து நின்றார். "காளி, போகாதடி. இந்தத் தடவ போனா மறுபடி ஓடி வர்றதுக்குக் கால் இருக்காது."

"பிள்ளை அங்க இருக்கையில எனக்குக் கால் எதுக்குக்கா?"

வாசற்படியில் நின்று என்னிடம் கேட்டார்: "எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டியாம்மா அவுககிட்ட?"

"கேக்கலக்கா" என்றேன்.

அது பொய்யில்லை. நான் கேட்கவில்லை.

செருப்பை உள்ளேயே மாட்டிக்கொண்டு போனார். இந்த முறை ஜோடி சரியாக இருந்தது.

ஜனவரி 22

மேடம் வந்தார். சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு வயதாகிவிட்டது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சான்? உன் நம்பர் அவனுக்கு எப்படிக் கெடச்சது ஜோதி?"

"ஸ்கூல்ல என் நம்பர்தான் குடுத்திருக்கு மேடம்."

அது உண்மைதான். சேர்க்கைப் படிவத்தில் என் எண்தான் இருக்கிறது.

"ஸ்கூலுக்கு எப்படி வந்தான்? இந்த ஊர்னு யார் சொன்னா?" மேடம் ஜெசிந்தா அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ ஏதாவது பேசினியா?"

ஜெசிந்தா அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "கிறிஸ்மஸ் அன்னிக்கு அவ ஆத்தாளோட ரெண்டு நிமிசம் பேச வச்சேன் மேடம். எம் போனுல. ஊர் பேரு சொல்லல."

"உன் நம்பர் போதும் ஜெசிந்தா. அந்த நம்பர் எந்த ஊருன்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீயே அடி வாங்கிட்டு வந்தவ. உனக்குமா தெரியாது?"

ஜெசிந்தா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். "தப்புதான் மேடம்" என்றார்.

நான் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு ஸ்கெட்ச் வெளுத்துவிட்டது. மறுபடி எழுத வேண்டும்.

ஜனவரி 24

ஜெசிந்தா அக்கா இன்று போய்விட்டார். வேலையை விட்டுப் போக இரண்டு நாள் அவகாசம் கொடுத்திருந்தார் மேடம். போகும்போது கடுகு எங்கே, கல்லுப்பு எங்கே, புளிப்பானை எங்கே என்று காட்டினார். "உல நல்லாக் கொதிச்ச பெறகு அரிசியப் போடு பட்டதாரி. முன்னாடியே போட்டு அள்ளிக் கொட்டாத, குழைஞ்சிரும்."

ஆட்டோ வரை பையைத் தூக்கிச் சென்றேன். கனமே இல்லை.

ஜனவரி 25

சோறு குழைந்துவிட்டது.

பிப்ரவரி 2

அம்மா போன் செய்தாள். படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். கண்ணுக்குக் கீழே காயமாம். மருந்து போட்டாயா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் படி கிடையாது.

பிப்ரவரி 11

பழைய பள்ளியின் தலைமை ஆசிரியருக்குப் போன் செய்தேன். இந்த முறை உட்கார்ந்தே பேசினேன்.

"நல்லதுக்குத்தாம்மா சொன்னேன். பொங்கலுக்கு மறுவாரம் அந்த மனுசன் ஸ்கூலுக்கு வந்து என் முன்னாடி நின்னு அழுறான். பொண்டாட்டி பிள்ளையக் காணோம்னு ரெண்டரை மாசமாத் தேடுறேங்கிறான். ஒரு தகப்பன் அழுதா நான் எப்படிம்மா சொல்லாம இருக்கிறது? குடும்பம் சேந்திருச்சில்ல?"

"தர்ஷினி ஸ்கூலுக்கு வர்றாளா சார்?"

"அனுப்பலியேம்மா. நானும் சொல்லிப் பாத்தேன். வெளிய அனுப்பிச்சதாலதான் இம்புட்டும்ங்கிறான்."

"பரீட்சை மட்டுமாவது எழுத விடச் சொல்லுங்க சார். உங்க ஸ்கூல்லயே..."

"எங்க ஸ்கூல்ல எப்படி எழுதும்? நீங்கதான் பேர அங்க மாத்திட்டீங்களே. பட்டியல் முடிஞ்சு போச்சு. இனி உங்க ஊர்லதான் எழுதியாகணும்."

பெயர் இங்கே இருக்கிறது. பிள்ளை அங்கே இருக்கிறது. நடுவில் நான்கு மணி நேரப் பஸ். மேடம் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறார். அந்த ஊர்ப் போலீஸ் வீட்டுக்குப் போனதாம். "நாங்க சந்தோசமா இருக்கோம்" என்று காளீஸ்வரி அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக அறிக்கை வந்தது. காளீஸ்வரி அக்காவுக்கு எழுதத் தெரியாது.

பிப்ரவரி 19

காளீஸ்வரி அக்கா யாருடைய போனிலிருந்தோ பேசினார். சொற்கள் வாய்க்குள்ளேயே நின்றன.

"பல்லு வலிம்மா. அதான் பேச்சு இப்படி வருது. நல்லா இருக்கேன்."

"தர்ஷினி?"

"பெட்டி ஒட்டுறா. நல்ல கை வேகம்னு ஆபீஸ்காரக சொல்றாக." பிறகு, "அந்த வீட்டு வெளிக்கதவுத் தாப்பா ஆடிக்கிட்டு இருந்துச்சேம்மா. சரி பண்ணிட்டீகளா? அடுத்து வர்றவளுக பயப்படுவாளுக" என்றார்.

இன்னும் சரி செய்யவில்லை என்று சொல்ல முடியவில்லை. நாளைக்கு ஆசாரி வருகிறார்.

மார்ச் 4

பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். தர்ஷினியின் ஹால் டிக்கெட் வந்திருக்கிறது. போட்டோ, பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், தந்தை பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஒரு எழுத்துப் பிழை இல்லை. டிசம்பரில் நான்தான் மூன்று முறை சரிபார்த்தேன்.

மார்ச் 11

தமிழ்த் தாள். எட்டு மணிக்கே தேர்வு மையத்துக்குப் போய்விட்டேன். பிளாஸ்டிக் உறையில் ஹால் டிக்கெட், இரண்டு நீலப் பேனா, ஒரு அளவுகோல், தண்ணீர் பாட்டில்.

வருவாள் என்று நினைத்துப் போகவில்லை. வந்துவிட்டால் ஹால் டிக்கெட் இல்லாமல் நிற்கக் கூடாதே என்றுதான் போனேன்.

அம்மாக்கள் பிள்ளைகளுக்குத் திருநீறு பூசினார்கள். ஒரு அப்பா மகளின் கைக்குட்டையை மடித்துக் கொடுத்தார். ஒன்பதரைக்குத் தெற்கிலிருந்து பஸ் ஒன்று வந்தது. இறங்கியவர்கள் ஏழு பேர். பத்து மணிக்குக் கேட்டைச் சாத்தினார்கள். தெருப் பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தால் மூன்றாவது வரிசையில் ஒரு பெஞ்சு காலி. மேற்பார்வை ஆசிரியர் அந்த மேஜை மேலும் ஒரு விடைத்தாளை வைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து வந்து எடுத்துக்கொண்டார்.

பத்தரை வரை நின்றேன். பிறகு ரேஷன் கடைக்குப் போனேன், கோதுமை வந்திருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

ஜெசிந்தா அக்காவைப் பார்க்கப் போனேன். மாதாகோயில் தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை. கல்யாண மண்டபச் சமையலுக்குப் போகிறாராம். கையில் புதிதாகச் சூட்டுக் காயம்.

"வா பட்டதாரி. சோறு எப்படி வேகுது?"

"குழையுதுக்கா."

"ஒனக்குப் பொறுமை இல்ல. எல்லாத்துலயும் அவசரம்." சிரித்தார்.

ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. போட்டோவை விரலால் தடவினார். "பொட்ட நேரா வச்சிருக்கா பாரு."

சொல்லத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். "அக்கா, டிசம்பர்ல ஒரு நாள், நான் ஒரு போன்..."

"கீரை ஆஞ்சிட்டிருந்தேனே, அன்னிக்கா?"

நான் நிறுத்திவிட்டேன்.

"எனக்கு ஒரு காதுதான்டி செவிடு."

தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"சொல்லியிருக்கலாமேக்கா, மேடத்துட்ட."

"என்னத்தச் சொல்ல? நீயும் போயிட்டா அந்த வீட்டுல ஒரு மனு எழுத ஆரு இருக்கா? நான் எங்க போனாலும் பொங்கித் தின்னுக்குவேன்." முந்தானையால் கைக் காயத்தை ஒற்றிக்கொண்டார். "ஆனா நீ சொல்லுவன்னு நெனச்சேன். அந்த ரெண்டு நாளும் பையக் கட்டி வச்சிட்டுப் பாயிலதான் உக்காந்திருந்தேன். வருவ, மேடத்துட்ட சொல்லுவன்னு."

புறப்படும்போது எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தார். "குழைஞ்ச சோத்துக்கு இது நல்லாருக்கும்."

மார்ச் 16

மேடத்திடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 17

மேடம் மதுரைக்குப் போயிருக்கிறார்.

மார்ச் 20

மேடம் வந்தார். தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசினோம்.

ஏப்ரல் 3

வருட அறிக்கை. மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "ஒரு குடும்பம் திரும்ப அழைத்துச் செல்லப்பட்டது. பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் இடம் வெளியே தெரிந்தது."

"பேர் எழுதணுமா மேடம்?"

"பேர் வேணாம்மா. பாவம், பொழப்புக்குப் போற இடத்துல அவளுக்கு எதுவும் ஆகக் கூடாது."

பெயர் எழுதவில்லை. ஆகவே அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். சுத்தமாக டைப் செய்து அனுப்பினேன். என் தமிழ் நன்றாக இருக்கிறது என்று மேடம் சொன்னார்.

ஜூன் 9

நாலரை மாதம் காலியாக இருந்த வீட்டுக்கு இன்று ஆள் வந்திருக்கிறது. பூங்கொடி. மலைப்பக்கம். இடது தோளை அசைக்க முடியவில்லை. கூட மகள், ஒன்பதாவது முடித்தவள், பெயர் யாழினி. செருப்புகளை எடுத்து உள்ளே வைத்தேன். தட்டு கழுவி வைத்தேன். பன்னிரண்டும் அப்படியே இருக்கின்றன, ஒன்றும் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. வெளிக்கதவுத் தாழ்ப்பாள் இப்போது இறுக்கமாக இருக்கிறது.

யாழினி சார்ட்டை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு அலமாரியில் தர்ஷினி விட்டுச் சென்ற அறிவியல் நோட்டைப் பார்த்தாள். எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். முதல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பிடும்போது கேட்டாள். "ஸ்கூல் திறந்துட்டாங்கக்கா. எப்ப சேத்துவிடுவீங்க?"

அவள் அம்மாவும் என்னைப் பார்த்தார். படித்தவள் என்ன சொல்லப் போகிறாள் என்ற பார்வை.

"பாக்கலாம்" என்றேன். "ஒரு வருசம் போனா என்ன இப்போ?"

அவள் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். பிசைய ஒன்றுமில்லை. இன்றைக்கும் குழைந்துதான் இருந்தது.